தம்பிக்கு இன்னும் ஒரு வருடம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். மெடிக்கல் கடையில் ஏ.சி. ஓடவில்லை. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். இன்சுலினை மட்டும் பிரிட்ஜின் உள்தட்டுக்கு மாற்றினேன்.

பதினோரு மணிக்கு மனநல ஆஸ்பத்திரியிலிருந்து போன். அங்கே சமூகப் பணியாளராக இருக்கும் பெண்.

“மேடம், பாண்டியோட ரிவ்யூ பதினெட்டாம் தேதி. நல்லாயிருக்காருன்னு டாக்டர்கள் எழுதிட்டாங்க. வீட்டுல ஏத்துக்கிட்டா கோர்ட்டு அனுப்பிரும். இல்லன்னா எக்ஸ்டென்சன்தான்.”

பாண்டி என் தம்பி. அங்கே போய் ஒன்பது வருடம். பேரையூரில் எங்கள் சித்தப்பாவைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றவன். அவர் கிணற்றில் விஷம் கலக்கிறார் என்று காதுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்ததாம். புத்தி தெளிவில்லாமல் செய்தது, குற்றவாளி இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் வீட்டுக்கும் விடவில்லை. அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் நீட்டிப்பு. ஒவ்வொரு வருடமும் “இப்போதைக்கு இயலாது” என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

போனை வைத்த சூட்டோடு ஒரு அம்மா சீட்டை நீட்டினார். மகனுக்கு. பாண்டி சாப்பிடும் அதே மாத்திரை. “இது போட்டா சரியாயிருவானா?” என்றார். “விடாம குடுங்க, எல்லார மாதிரியும் இருப்பாரு” என்றேன். நன்றாகத்தான் சொல்கிறேன், அடுத்தவர் பிள்ளைக்கு.

ஜூன் 5, வியாழன்

தலைவலி. கேஸ் சிலிண்டர் பதிய மறந்தாச்சு.

இத்தனை வருடமும் நான் எழுதிக் கொடுத்த காரணங்கள்:
வீடு சின்னது.
மகள் பிளஸ் டூ.
கணவருக்கு முதுகு ஆபரேஷன்.
இறந்தவர் குடும்பத்தார் ஆட்சேபம். (இது மூன்று தடவை.)

பயம் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பேரையூர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சித்தப்பா போன பிறகு சித்தி வீட்டு வாசலை நான் மிதிப்பது இதுதான் முதல் முறை. ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. சொம்பில் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். உங்களுக்கு ஆட்சேபம் இருக்கிறது என்று நானே எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன்.

“நான் எப்பத்தா ஆட்சேபம்னு சொன்னேன்? எங்கிட்ட யாரு வந்து கேட்டா?”

சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

“அன்னைக்கு அவனும் சாகட்டும்னுதேன் நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன். இப்ப அம்புட்டு வெறி இல்ல. அவன உள்ள வச்சிருந்தா எம்புருசன் எந்திரிச்சா வரப்போறாரு? ஆனா ஒண்ணு. இந்த ஊருக்குள்ள வரக் கூடாது. எங்கண்ணுல பட்டுறக் கூடாது. ஒங்கூட திருநகர்ல இருந்துக்கிறட்டும்.”

பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதச் சொல்லி, தன் கையாலேயே பெயரைப் போட்டுக் கொடுத்தார். நாலே வரி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சந்தோஷம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சித்தி மண்ணைத் தூற்றி விரட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

ஜூன் 12, வியாழன்

பின்கட்டு அறையை ஒழித்தாயிற்று. பழைய பேப்பர், உடைந்த மிக்ஸி, மகளின் சைக்கிள் வெளியே. கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது.

இவரிடம் கேட்டேன். டிவியைப் பார்த்துக்கொண்டே, “ஒன் தம்பி. நீதான் முடிவு பண்ணணும்” என்றார். இதற்கு முடியாது என்றே சொல்லியிருக்கலாம்.

மகள் சுற்றி வளைக்கவில்லை. “மாமா வந்தா நான் ஹாஸ்டலுக்குப் போறேம்மா. தப்பா எடுத்துக்காத.” அவளைத் தப்பாக எடுக்க என்ன இருக்கிறது.

ஒளித்து வைக்க வேண்டியவை: அரிவாள்மனை, சுத்தியல், தேங்காய் உரிக்கும் கம்பி, காய் வெட்டும் கத்தி இரண்டு. அம்மிக்குழவியை எங்கே வைப்பது? எழுதும்போதே கூசுகிறது. ஏழு வருடமாக அவன் ஒரு ஈயைக்கூட அடித்ததில்லை என்கிறார் டாக்டர். வார்டில் மற்றவர்களுக்கு இவன்தான் சோறு பரிமாறுகிறானாம்.

ஜூன் 18, புதன்

கோர்ட்டு. நீல காட்டன் சேலை. சித்தியின் கடிதம் கைப்பையில்.

பாண்டியை நேரில் கொண்டுவரவில்லை. சுவரில் இருந்த டிவியில் காட்டினார்கள். முன்பக்கம் முடி இல்லை. மாத்திரையில் உடம்பு ஊதிப்போயிருக்கிறான். கட்டம் போட்ட சட்டையை மேல் பட்டன் வரை போட்டிருந்தான். கேமராவைப் பார்க்கத் தெரியாமல் ஓரமாக எங்கோ பார்த்தான்.

டாக்டர் அறிக்கையைப் படித்தார்கள். நீதிபதி நல்ல மாதிரிதான். “கூட்டிட்டுப் போய்ப் பாத்துக்கிறீங்களாம்மா?” என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் எழுந்தேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

“இன்னும் ஒரு வருசம் டயம் குடுங்கய்யா.”

“எறந்தவங்க குடும்பத்துல எதிர்ப்பு இருக்கா?”

“இருக்குங்கய்யா.”

கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும்.

நீதிபதி எழுதினார். மேலும் ஒரு வருடம். பாண்டிக்குக் கேட்டிருக்கும். தலையை ஆட்டினான், யாரோ வழி சொன்னால் கேட்டுக்கொள்கிற மாதிரி. டிவி அணைந்தது. மொத்தமே பத்து நிமிடம் இருக்காது. அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தேன். முழு கிளாஸ். தொண்டையில் நிற்கவில்லை, நன்றாகவே இறங்கியது.

ஜூன் 19, வியாழன்

சித்தி போன். என் நம்பரை எப்படியோ வாங்கியிருக்கிறார்.

“வந்துட்டானா?”

“கோர்ட்டுல விடல சித்தி.”

“நான் எழுதிக் குடுத்துமா விடல? என்ன மனுசய்ங்க அவய்ங்க.”

ஆமாம் சித்தி என்றேன். வேறென்ன சொல்ல. கடிதம் பீரோவில், சேலைகளுக்கு அடியில். கிழிக்கவும் துணிச்சல் இல்லை.

மகள் இன்று தானாகவே சப்பாத்தி போட்டாள். இவர் இரண்டு நாளாக என்னிடம் மிகவும் தன்மையாகப் பேசுகிறார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜூன் 21, சனி

சாயங்காலம் தூறல். கடையில் கூட்டம் இல்லை.

சனிக்கிழமைகளில் வார்டு போனில் பேச விடுவார்கள். பாண்டி.

“அக்கா, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். நீ?”

“ஆச்சு. கோர்ட்டுல ஒன்னயப் பாத்தேன். எளைச்சிட்ட.” பிறகு அதே குரலில் சொன்னான்: “அடுத்த வருசம் ஒனக்கு போன் வராதுக்கா. சொந்தம்னு யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். இனி ஒன்னயக் கூப்பிட மாட்டாங்க. ஒனக்கு எதுக்கு அலைச்சல்.”

“சரிப்பா” என்றேன்.

உடனே சொன்னேன். கொஞ்சம் தயங்கியாவது சொல்லியிருக்கலாம்.