வயலுக்குள் ஓடிய வள்ளம்

டூட்டிங், லண்டன்
2 மே 2004

அன்புள்ள பியற்றிஸ் மச்சாளுக்கு,

நாங்கள் இருவரும் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். என் வயிறு மட்டும் இன்னும் அமெரிக்காவில்தான் நிற்கிறது.

ஹூஸ்டன் கலியாண வீட்டுப் புதினங்களை உங்கள் தங்கை றெஜினா போனில் சொல்லியிருப்பாள். மாப்பிள்ளை தலைக்கு மை பூசியது உண்மைதான். தாலி கட்டும்போது வியர்வையோடு காதடிக்கு இறங்கிவிட்டது. அடுத்த நாள் வாடகைக் காரில் லூசியானா நாட்டுப்புறம் பார்க்கக் கிளம்பினோம். கேஜன் என்று, பழைய பிரெஞ்சுக்காரரின் வழிவந்த சனம் இருக்கும் ஊர்கள். தெருவோரக் கடையில் பன்றிக் குடலுக்குள் சோறும் ஈரலும் அடைத்து அவித்து விற்கிறார்கள். றெஜினா தன் பாரிஸ் காலத்துப் பிரெஞ்சை எடுத்துவிட, கடைக்காரக் கிழவி பூரித்துப்போய் ஒன்றை இலவசமாகத் தந்தாள். அதையும் நானே தின்றேன். கார் ஓடியது றெஜினா, வரைபடம் பார்த்தது நான். ஆகையால் வழி தவறினோம்.

தவறிய பாதையின் இரு பக்கமும் தண்ணீர் கட்டிய நெல்வயல். காலைப் பனிப்புகார் நிலத்தோடு கிடந்தது. அந்த வயலுக்குள் ஒரு வள்ளம் ஓடியது, மச்சாள். அங்கே வயல் தண்ணீரில் ஒருவகை இறாலைக் கூடு வைத்துப் பிடிப்பார்கள் என்று பிறகுதான் அறிந்தோம். அப்போது கண்டது வயல், வள்ளம், அதில் தனியே நின்ற ஒருவன்.

றெஜினா காரை நிறுத்தினாள். "எங்கட ஜெறோம் நிக்கிற நிலை" என்றாள். குருநகரில் இந்தியாவுக்கென்று வள்ளம் ஏறிய உங்கள் தம்பியிடமிருந்து பதினாலு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. "உமக்கென்ன விசரே, அது வெள்ளைக்காரனப்பா" என்றேன். அவள் வரம்பில் இறங்கி, "ஜெறோம்" என்று கத்தினாள்.

எஞ்சின் நின்றது.

அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு தவளைகூடக் கத்தவில்லை. பிறகு வள்ளம் புகாருக்குள் போய்விட்டது. பிரெஞ்சுச் சனத்திலும் ஜெறோம் என்று பெயர் வைப்பார்கள் என வழிநெடுக விளக்கினேன். "உயிரோடதான் இருக்கிறான். எங்களிட்ட வர விருப்பமில்லை" என்று மட்டும் சொன்னாள்.

இந்த மாதக் கடைசியில் ஜெறோமைச் செத்தவனாக எண்ணி ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைக்கச் சாமியாரிடம் சொல்லிவிட்டீர்களாம். உங்கள் பக்கமும் நியாயம்தான். எத்தனை காலத்துக்குத்தான் செபிக்காமல் விடுவது? ஆனால் பூசையில் அவன் பெயரை வாசித்தால், சாகும்வரை உங்களோடு பேச்சில்லை என்கிறாள் றெஜினா. அவள் சொன்னால் செய்வாள்.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பகிடி விடுவேன். வருகுதில்லை. அவள் வரம்பில் நின்றபோது நான் காருக்குள் இருந்து, கமெராவால் அவன் முகத்தைக் கிட்ட இழுத்துப் பார்த்தேன். படம் எடுக்கக் கை வரவில்லை. கண்டதை அவளுக்குச் சொல்லவில்லை, இதிலும் எழுதப்போவதில்லை. பூசையை மட்டும் தள்ளி வையுங்கள், மச்சாள்.

மாதா உங்களையும் பிள்ளைகளையும் காக்கட்டும், தண்ணீரில் நிற்பவர்களையும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் புருஷன்
பிலிப்