அரிசிக்கடைத் தராசில் உன் அம்மா

இன்சீன், ரங்கூன்
17-8-2003

அன்பு மகள் பெர்சிசுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகம். வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க ஜெபிக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. டாக்டர் படிப்பின் நடுவே உடலியங்கியல் ஆராய்ச்சிக்குப் போய், எலியின் சிறுநீரகம் எவ்வளவு உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கிறது என்று மூன்று வருஷமாக அளக்கிறேன், கூடப் படித்தவர்கள் டாக்டராகிவிட்டார்கள், இதனால் யாருக்குப் பிரயோஜனம், ஆராய்ச்சியை விட்டுவிட்டு மருத்துவத்தை மட்டும் முடித்து அம்மாவிடம் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே அம்மாடி, முதலில் இதைப் படி.

அம்மாவுக்கு இதயம் பலவீனம் என்றதும், தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னாயே, உப்பு கூடினால் உடம்பில் தண்ணீர் தங்கும், கால் வீங்குமுன்பே தராசு காட்டிவிடும் என்று. நம் வீட்டில் ஏது எடை மெஷின்? பீர் முகைதீன் பாய் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினேன். முதல் நாள் வெட்கத்தில் என்னைத் திட்டித் தீர்த்தாள். இப்போது சந்தைக்கே அவள் எடை தெரியும், முப்பத்தைந்து வீசை. போன மாதம் மூன்றே நாளில் ஒரு வீசை கூடிவிட்டது, ஒன்றரைக் கிலோவுக்கும் மேலே! தராசில் கோளாறில்லை, உங்கள் வீட்டில்தான் பாருங்கள் என்றார் பாய். வந்து பார்த்தால் அரிசிப் பானைக்குள் நாப்பி டப்பா! அந்த உப்பு மீன் விழுதை நீ நிறுத்தச் சொன்னதிலிருந்து ஒளித்துவைத்துத் தின்றிருக்கிறாள், கள்ளி. மூச்சு நன்றாய்த்தானே இருக்கிறது என்று அடம்பிடித்தவளை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். நுரையீரலில் தண்ணீர் கோக்கத் தொடங்கிவிட்டது, இரண்டு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். எடை பார்க்க யார் சொன்னது என்று கேட்டார். என் மகள், எலிகளை ஆராய்கிறவள் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். நாலாம் நாள் வீடு திரும்பினோம். நீ பயப்படுவாய் என்று அப்போது எழுதவில்லை, கோபிக்காதே. ஞாயிறு ஆலயத்தில் ஸ்தோத்திரம் சொல்லும்போது உன் எலிகளுக்கும் சேர்த்தே சொன்னேன். பாஸ்டர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும்.

ஆகவே யாருக்குப் பிரயோஜனம் என்று இனிக் கேட்காதே, உன் அம்மாவை எனக்குத் திருப்பித் தந்த படிப்பு அது. முடித்துவிட்டே வா, காத்திருக்க எங்களுக்குத் தெம்பிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவும் எழுதச் சொல்கிறாள், நான் நாப்பியையே விட்டுவிட்டேன், அவள் படிப்பை விடக்கூடாது என்று. கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அன்பு அப்பா,
தேவநேசன்

இன்று காலை அம்மா: முப்பத்தைந்து வீசை. பாய் சாட்சி.