வாசற்படிக் கைப்பிடி

பிப்ரவரி 4

அன்புள்ள மகாராணிக்கு,

மகளும் மருமகனும் தாங்குகிற தாங்கில் என்னை மறந்தே போயிருப்பாய். இங்கே வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உள்ளே போகவே பயமாக இருப்பதால் பொழுதெல்லாம் கார் ஷெட்டிலேயே கிடக்கிறேன். காரை விற்ற பிறகு அது முழுக்க என் பட்டறைதானே.

பக்கவாதம் வந்ததிலிருந்து உனக்குப் பேச்சு குழறுகிறது. இரும்பு அறுக்கிற கிரைண்டர் சத்தத்தில் எனக்குக் காது போயிற்று. நாம் போனில் பேசினால் ஊரே சிரிக்கும். கடிதமே மேல்.

வாசற்படிக்குக் கைப்பிடி போடாமல் உன்னை அனுப்ப மாட்டேன் என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். மருமகனோ, "கடையிலயே ரெடியா கிடைக்குது மாமா, ஆள் வந்து மாட்டிட்டுப் போயிடுவான்" என்கிறார். என் பெண்டாட்டி பிடிக்கிற பைப்பை எவனோ வந்து மாட்டுவதா? எவர்சில்வர் பைப் வாங்கியாச்சு. வெல்டிங் மெஷினைத் தூசி தட்டியாச்சு. இரண்டே வாரத்தில் உன்னைக் கூட்டி வந்துவிடுகிறேன், பார்.

உன் கடிதத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். என்ன கோழிக் கிறுக்கல் அது! அதிலும் நாலே வரி. கொஞ்சம் தாராளமாக எழுதினால் பேனா மை தீர்ந்துவிடுமா?

உன் இரும்புப் பைத்தியம்

பிப்ரவரி 11

என்னங்க,

நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

வலது கை மடியில் மூட்டை மாதிரி கிடக்கிறது. சொன்ன பேச்சு கேட்பதில்லை. எழுதுவது இடது கை. அதனால்தான் கிறுக்கல். நீங்கள் சிரித்ததில் சந்தோஷம்தான்.

கைப்பிடி பளபளவென்று இருக்க வேண்டாம். பிடித்தால் போதும். இங்கே ஒரு குறையும் இல்லை. ஆனால் குளிக்க வைக்க மகளைக் கூப்பிடும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கிறது. நம் வீடென்றால் உங்களைக் கூப்பிடுவேன். உங்களிடம் எனக்கென்ன கூச்சம்? சீக்கிரம் கூட்டிப் போங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 9

அன்புள்ள மகாராணிக்கு,

திட்டாதே. தாமதம்தான், ஒத்துக்கொள்கிறேன். முதலில் பற்றவைத்ததில் ஒரு இடம் கரடாக நின்றுவிட்டது. உன் உள்ளங்கையைக் கீறுமே என்று அறுத்துப் போட்டேன். அடுத்தது ஒரு மயிரிழை கோணல். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்துவிட்டதே! அதையும் அறுத்தேன். மூன்றாவதாகச் செய்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, இப்போது அதில் முகம் பார்த்து நீ தலை வாரிக்கொள்ளலாம்.

படி ஏறும்போது வலது பக்கம் வருகிற சுவரில் மாட்டிவிட்டேன். இடது சுவரில் பூச்சு பொலபொலவென்று உதிர்கிறது, போல்ட் நிற்காது. வலது சுவர் கெட்டி. நானே தொங்கிப் பார்த்தேன், இம்மியும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறேன்.

அதே பைத்தியம்

மார்ச் 20

என்னங்க,

இதை எழுத மூன்று நாளாயிற்று. முழங்கால் காயம் ஆறிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்தவள் ஏன் ஒன்றும் சொல்லாமல் திரும்ப மகள் காரில் ஏறினேன் என்று அவளிடம் கேட்டிருக்கிறீர்கள். பேச வாய் வராததால் இல்லை. மனசு வரவில்லை.

இரண்டாம் படியில் இடது கையை நீட்டினேன். வெறும் சுவர். மகள் தாங்கியிராவிட்டால் மண்டை உடைந்திருக்கும். மேலே நின்றுகொண்டு நீங்கள், "பிடி, பிடி! கைக்கிட்டதானே இருக்கு, பிடிச்சுக்க!" என்று கத்தினீர்கள். எந்தக் கையால் பிடிப்பேன்? எனக்கு எந்தப் பக்கம் போயிற்று என்பதே உங்களுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள். எழுதியும் அனுப்பினேன். கிறுக்கலைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

திரும்பி இறங்கும்போது அதே பைப் என் இடது கைக்கு வாகாகக் கிடைத்தது. வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. நான் போவதற்கு வசதியாகச் செய்திருக்கிறீர்கள்.

மாற்றி மாட்ட வேண்டாம். இனி வரமாட்டேன். மகள் கீழறையை எனக்கென்று ஒழித்துக் கொடுத்துவிட்டாள். இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை. மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மகளின் அம்மா

மார்ச் 28

அன்புள்ள மகாராணிக்கு,

நான் சண்டாளன். போதுமா? நாலு வார்த்தை திட்டியாவது எழுது.

இடது சுவரைக் கொத்தி, சிமெண்டு பூசி, காயவிட்டு, அங்கேயும் பைப் மாட்டிவிட்டேன். இதைத் தேய்த்துக்கொண்டு உட்காரவில்லை. பற்றவைத்த கருப்பு அப்படியே இருக்கிறது. இப்போது நீ ஏறினாலும் பிடிக்கலாம், இறங்கினாலும் பிடிக்கலாம். ஒரே ஒரு தடவை வந்து பார். பிடிக்காவிட்டால் நானே கொண்டுபோய் விடுகிறேன்.

பைத்தியம்

ஏப்ரல் 17

அன்புள்ள உனக்கு,

என் கடிதம் வந்ததா என்று மகளைக் கேட்டேன். "படிச்சாங்கப்பா. மடிச்சு வச்சிட்டாங்க" என்றாள்.

இன்று வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு படி ஏறினேன். அப்படியே உட்கார்ந்து இதை இடது கையால் எழுதுகிறேன். காலையில் தொடங்கியது. விரல் மரத்துவிட்டது.

நாலே வரியா என்று உன்னைக் கேட்டேனே. எல்லாக் கடிதத்தையும் இப்படித்தான் எழுதினாயா?