கடை முகவரிக்குப் போன பார்சல்

ஜூலை 7, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே காற்று. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் மண்.

ஞாயிறன்று வாங்கிய மிக்ஸி இன்று அறுநூறு ரூபாய் குறைவு. புலம்பினேன். பள்ளி அலுவலகத்தில் பக்கத்து மேசை ஜெயந்தி சிரித்தாள். அதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறதாம். மெயிலில் வரும் பில்களைப் பார்த்து, விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கேட்டு வாங்கித் தருமாம். என் போனில் போட்டுக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கு மொத்தமே ஒரு மெயில்தான், மகளின் காலேஜ் அப்ளிகேஷனுக்காக ஆரம்பித்தது.

சாயங்காலம் அவரிடம் மல்லித்தூள் வாங்கி வரச் சொன்னேன். மஞ்சள்தூளோடு வந்தார். கேட்டால் பதில் இல்லை, பேப்பரில் முகம். வத்தலக்குண்டு கல்யாணத்திலிருந்தே இப்படி. அங்கே என் அண்ணன் ஏதோ கேட்க, பேசாமல் நகர்ந்து போய்விட்டார். அண்ணனுக்கு வருத்தம், எனக்கு அவமானம். அதற்குப் பிறகு நான் நாலு நாள் பேசவில்லை.

ஜூலை 8, புதன்

கேஸ் புக் பண்ண வேண்டும். மகளுக்குப் போன்.

ஆப்பில் நாங்கள் வாங்கியதெல்லாம் வரிசையாக. மிக்ஸி. சார்ஜர். சுடிதார் இரண்டு. அடுத்தது, காது கேட்கும் மிஷின், ஒரு ஜோடி. முகவரி பேகம்பூர், எங்கள் செருப்புக் கடை. வாங்கி மூன்று வாரம். விலை இறங்கியிருக்கிறது, பணம் கேட்கட்டுமா என்று ஒரு பச்சை பட்டன்.

யாருக்கு வாங்கினார் என்று யோசித்தேன். செத்த நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மல்லித்தூள். டிவி சத்தம். எடுக்காத போன். அண்ணன்.

நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேனே. மனிதர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

பட்டனைத் தொடவில்லை. தொட்டால் ஆர்டர் போட்ட அவர் நம்பருக்கு மெசேஜ் போகும். இப்படியா தெரிய வேண்டும், எனக்குத் தெரியும் என்பது?

ஜூலை 9, வியாழன்

ஜெ. சொன்னாள், கேட்பதற்கு நாளைதான் கடைசி நாள், விடாதே என்று. யாருக்கு வாங்கியது என்று நான் சொல்லவில்லை.

மதியம் பர்மிஷன். கடைக்குப் போனேன். எதிர் டீக்கடை ஓரமாக நின்றேன். ஒரு அம்மா ஆறாம் நம்பர் கேட்டிருப்பார் போல, இவர் எட்டு எடுத்து வந்தார். அந்த அம்மா ஆறு விரலைக் காட்டினார். இவர் சிரித்துக்கொண்டே திரும்பப் போனார். பேசுகிறவர்களின் வாயையே பார்க்கிறார். இருபத்திரண்டு வருஷம் கூட இருக்கிறேன், நான் இதைக் கவனிக்கவில்லை.

உள்ளே போகாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 10, வெள்ளி

எனக்கு அரை நாள் லீவு. ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் சாப்பிட வந்தார். மட்டன் குழம்பு, கத்தரிக்காய். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு எதிரில் உட்கார்ந்து போனைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ சத்தமாப் பேச ஆரம்பிச்சிருவ நூரு. சத்தமாப் பேசினா கோவமாப் பேசுற மாதிரியே இருக்கும். அதான்."

எனக்கு அழுகை. அவருக்குச் சங்கடம், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கழுவியும் வைத்தார்.

பெட்டியைப் பிரிக்கவே இல்லையாம். பாலிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறதாம். டாக்டரிடம் காட்டினாரா என்றால் இல்லை. படத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார். காதைச் சோதிக்காமல் மிஷினா என்று திட்டினேன். மெதுவாகத்தான் திட்டினேன்.

பச்சை பட்டனை விட்டுவிட்டோம். பிரிக்காத பெட்டியை ஒரு மாதத்துக்குள் திருப்பலாமாம், திருப்பியே அனுப்ப முடிவு.

ஜூலை 11, சனி

பார்சல் போய்விட்டது. மிக்ஸிக்கு அறுநூறு வந்தது. ஜெ.க்கு அல்வா.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். காது விஷயம் என்று சொன்னேன். "நான்ல மாப்பிள்ளைய தப்பா நெனச்சுட்டேன்" என்றான். நானும்தான்.

ஜூலை 13, திங்கள்

லீவு. காது டாக்டர், டோக்கன் 14. கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியே நான். ரொம்ப நேரம் கை மடியிலேயே. ஒருமுறை தூக்கிவிட்டு, சரிதானா என்று என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும். தலையாட்டினேன்.

வலது காது அதிகமாகப் போய்விட்டது. இடது பரவாயில்லை. அளவெடுத்து மிஷின் வர ஒரு வாரம். மாத்திரையில் சரியாகாதாம்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தோம். ஹாரன் சத்தம். நான் என்னவோ சொல்ல, நின்றார். "இங்கிட்டு வா" என்று கையைப் பிடித்து இடது பக்கம் மாற்றிவிட்டார். தெருவில் என் கையை அவர் பிடித்ததே இல்லை. என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கு மறந்துவிட்டது.