நார்மல் மூன்று

போன வாரம் பழைய ஃப்ரீசரைக் காலி செய்யச் சொன்னார்கள். கதவு ரப்பர் போய்த் தரையெல்லாம் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்குமே, அதேதான். நீ உதைத்தால் மட்டும் ஒழுங்காக மூடும். கீழ்த்தட்டில் பனியைப் பெயர்த்தபோது ஒரு சின்னக் குப்பி கையில் வந்தது. மேலே ஒட்டிய பிளாஸ்டரில் 'நார்மல் 3' என்று உன் கையெழுத்து. மூன்றின் வாலை அப்படி இழுக்க வேறு யாருக்கும் வராது. உள்ளே உன் சீரம். ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்குமே, அந்த வெளிர்மஞ்சள் நீர். நீ போய் நான்கு வருடமாகிறது. உன் ரத்தம் இன்னும் எங்கள் ஃப்ரீசரில் இருந்திருக்கிறது.

அதை மட்டும் புது ஃப்ரீசருக்கு மாற்றினேன். இந்த மழைக்காலம் முழுக்கப் புனேவே முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு அலைந்தது. பன்றியிலிருந்து வந்ததாகச் சொன்ன புதுக் காய்ச்சல். வருகிறவர்கள் தொண்டையில் குச்சி விட்டு எடுத்ததையெல்லாம் ஐஸ் வைத்துக் கட்டி அனுப்பி அனுப்பி எனக்கு அலுத்துவிட்டது. ரிட்டயர் ஆக இன்னும் சில வருடங்கள் இருப்பதை நினைத்தாலே உடம்பு வலிக்கிறது. நீ இருந்திருந்தால், "ஏம் புள்ள, இதுக்கே சலிச்சுக்கிட்டா எப்படி?" என்று கோயமுத்தூர் இழுவையில் கேட்டு, உன் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் தள்ளியிருப்பாய்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நம் லேப். காமாலை தரும் பி வைரஸைக் கண்டுபிடிக்கும் கிட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்ததால், நம் டாக்டர் நாமே ஒரு பரிசோதனையை உருவாக்கலாம் என்று இறங்கினார். குழி குழியாக இருக்கும் ஒவ்வொரு பிளேட்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் சீரம் வேண்டும்; அதற்குப் பெயர் கன்ட்ரோல். நோயிருந்தால் குழி மஞ்சளாகும். இல்லையென்றால் நிறமே வராது. நோயில்லாதவர்களை எங்கே தேடுவது? நாமே கையை நீட்டினோம். நான் நார்மல் ஒன்று, பியூன் நார்மல் இரண்டு, நீ மூன்று. "நார்மல்னு சர்ட்டிபிகேட் குடுக்கற ஒரே ஆபீஸ் நம்முளதுதானுங்க சார்" என்று நீ தமிழில் சொல்ல, டாக்டர் புரியாமலே சிரிப்பார்.

அமுக்கி உறிஞ்சும் ரப்பர் பல்ப் போதாமல், பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துத்தான் சீரத்தை உறிஞ்சினோம். யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. நமக்கெல்லாம் தடுப்பூசி வாங்கித் தரச் சொல்லி டாக்டர் எழுதிய காகிதம் யாரோ ஒருவர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது.

உனக்கு ஏழாம் மாதம். நார்மல் சீரம் தீரப்போகிறது என்று மறுபடி எல்லோரும் ரத்தம் கொடுத்தோம். வேண்டாம் என்று நான் சொல்லியும் நீ இடது கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மறுநாள் பிளேட்டில் உன் குழி மஞ்சளாகி நின்றது.

"அரே, கன்ட்ரோலே பாசிட்டிவா? ஃபேங்க் தோ!" என்றார் டாக்டர். பிளேட்தான் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டோம். அடுத்த பிளேட்டிலும் மஞ்சள். உன் குழி மட்டும்.

நீ குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினாய். திரும்பி வந்து, "நான் நார்மல் இல்லையாட்ட இருக்குது" என்றாய். சிரிக்கத்தான் பார்த்தாய். ஃப்ரீசரில் இருந்த உன் பழைய குப்பியை எடுத்துச் சோதித்தோம். அது சுத்தமாக இருந்தது; மிச்சத்தை மறுபடி கீழ்த்தட்டிலேயே வைத்தோம். அப்படியானால் இடையில்தான் வந்திருக்கிறது. எந்தக் கண்ணாடிக் குழாயில், எந்த நாளில் என்று யாருக்குத் தெரியும்? நீ அதைக் கேட்கவே இல்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கொழந்தைக்கு?" என்றாய்.

பிரசவத்தில் குழந்தைக்கு ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. பிறந்தவுடனே தடுப்பூசியும் எதிர்ப்பு மருந்தும் போட்டால் தடுத்துவிடலாம். புனேவில் நாங்கள் தேடிய கடைகளில் அவை இல்லை. டாக்டர் பம்பாயில் யாரிடமோ சொல்லிவைக்க, நான் ஃப்ளாஸ்க்கோடு போய் வாங்கி வந்தேன். ரயில் நகரும்வரை நீ பிளாட்பாரத்தில் ஜன்னலருகே நின்று திரும்பத் திரும்பச் சொன்னாய்: "குளுந்து இருக்கோணும். ஆனா ஒறையக் கூடாது. ஐஸ் மேல பட்டா அத்தனையும் வீணு." குப்பிகளைக் கைக்குட்டையில் சுற்றி, ஐஸ் படாமல் வைத்துக் கொண்டுவந்து லேப் ஃப்ரிட்ஜில் பத்திரப்படுத்தினேன்.

வலி கண்டுவிட்டது என்று ஒரு காலையில் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். மறுபடி ஃப்ளாஸ்க், லோக்கல் ரயில், ஆகுர்டியில் இறங்கி ஆட்டோ, நிக்டியில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி. ஃப்ளாஸ்கை நான் மடியில் கட்டிப்பிடித்திருப்பதைப் பார்த்து ரயிலில் ஒரு அம்மா, "சாயா இருக்கா?" என்று இந்தியில் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது.

நீ என்ன செய்தாய் தெரியுமா? இரண்டு வலிகளுக்கு நடுவில் தடுப்பூசிக் குப்பியை என்னிடமிருந்து பிடுங்கிக் குலுக்கி, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாய். ஒருமுறை உறைந்த மருந்து என்றால் திரிதிரியாகப் பிரிந்து சீக்கிரமே அடியில் இறங்கிவிடும். முதலில் குழந்தை வரட்டும் என்று நர்ஸ் மராத்தியில் கத்தினாள். "சித்த இருங்க சிஸ்டர்" என்று தமிழிலேயே அவளை அடக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தாய். பிறகு என்னிடம் கொடுத்து, "மண்டி கட்டல. போட்டுரலாம்" என்றாய். மத்தியானம் பெண் பிறந்தாள். இரண்டு தொடையிலும் ஊசி போட்டபோது அவள் வீறிட்டாள். "அழுவட்டும்" என்று நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

மற்ற தவணைகளும் போட்டு, குழந்தைக்கு ஒரு வயது தாண்டும்வரை காத்திருந்தோம். அதற்குள் உன்னை ஆபீஸ் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். உனக்கு அது பிடிக்கவே இல்லை. குழந்தையின் ரத்தத்தைச் சோதித்த அன்று மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். மகளின் குழியில் நிறம் வரவில்லை. "தண்ணியாட்ட இருக்குது பாரு புள்ள, தண்ணியாட்ட இருக்குது" என்று சொல்லிச் சொல்லி அழுதாய். நானும் அழுதேன். டாக்டர் டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். உனக்குப் போகவில்லை. நமக்கான தடுப்பூசி ஒருவழியாக வந்த அன்று, நாங்கள் வரிசையில் நின்றோம். ஆபீஸிலிருந்து நீதான் வந்து எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. அப்புறம் வருடக்கணக்கில் உன் ஈரல் மெல்ல மெல்லச் சுருங்கியது. இப்போது அதே மருந்து தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. எந்தத் தடுப்பூசிக் குப்பி வந்தாலும் குலுக்கி விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன். எதற்கு என்று புதிதாக வந்த பெண்கள் கேட்கிறார்கள். பழக்கம் என்கிறேன்.

குப்பி கிடைத்த அதே வாரம் உன் மகள் போன் செய்தாள். "மாவ்ஷி, காலேஜ்ல ப்ளட் டொனேஷன் கேம்ப் இருக்கு. எனக்கும் எய்ட்டீன் ஆச்சு இல்ல? ஆனா அம்மாக்கு அது இருந்துச்சே... என் ப்ளட் சாலேல் கா?" சித்தி என்பதைக்கூட மராத்தியில்தான் சொல்கிறாள்; உன் தமிழில் பாதிகூட அவளிடம் இல்லை. குரல் மட்டும் அப்படியே உன்னுடையது. செல்லும், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடலாம் வா என்றேன்.

வந்தாள். இடது கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரும் சொல்லித் தராமல் இதெல்லாம் எப்படி வருகிறதோ.

இப்போது கிட்டிலேயே ஒப்பிடும் சீரமும் பாட்டிலில் வந்துவிடுகிறது. யாரும் கையை நீட்ட வேண்டாம். இருந்தும் உன் குப்பியை உருக்கி, அவள் குழிக்குப் பக்கத்துக் குழியில் உன்னை விட்டேன். கடைசியில் ஆசிட் சொட்டு விட்டதும் பாசிட்டிவ் குழிகள் பளிச்சென்று மஞ்சளாயின. நீங்கள் இரண்டு பேரும் தண்ணீராட்டம் இருந்தீர்கள்.

அவள் குனிந்து பார்த்தாள். "இது நான். பக்கத்துல யாரு மாவ்ஷி?"

"உங்கம்மா" என்றேன். "நீ பிறக்கறதுக்கு முன்னாடி."

குப்பியை எடுத்து, பிளாஸ்டரில் இருந்த உன் கையெழுத்தைப் படித்தாள்.

"நார்மல்?" என்றாள்.

"நார்மல்" என்றேன்.