மூன்று பெயரில் ஒரே மாத்திரை

என்னைக் கேலி செய்ய ஆளில்லாமல் பண்ணிவிட்டுப் போன மச்சானுக்கு,

அங்கேயும் முதுகுவலி உண்டா? இங்கே சோமனூரில் உங்கள் தறி நிற்கவில்லை. வேறு ஆள் ஓட்டுகிறான். அவனும் ஷிஃப்ட் ஏறுமுன் டீயோடு ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறான்.

நீங்களே தேடிக்கொண்ட சாவு என்றுதான் ஊர் இன்னும் பேசுகிறது. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரரும் உங்கள் சம்சாரத்திடம் அதைத்தான் கேட்டார், வீட்டில் சண்டையா என்று. சரோஜாக்கா, "பல்லு வலிங்க, வேற ஒண்ணும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். யார் நம்பினார்கள்?

முதுகுக்குப் பெட்டிக்கடையில் வாங்கியது ஒன்று. பல்லுக்கு மருந்துக்கடையில் ஒன்று. காய்ச்சலுக்கு மேஸ்திரி கொடுத்தது ஒன்று. நிறம் வேறு, பெயர் வேறு. வேளாவேளைக்கு மூன்றையும் போட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது ஒரே மருந்து என்று டாக்டர் சொன்னபோது ஈரல் கெட்டுவிட்டிருந்தது. பல்லைப் பிடுங்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்றுதானே இருந்தீர்கள்?

அந்த வார்டில் சாக நினைத்து மாத்திரை விழுங்கியவர்களும் இருந்தார்கள், வேலைக்குப் போக நினைத்து விழுங்கியவர்களும் இருந்தார்கள். முன்னெல்லாம் எப்போதாவது ஒருவர் வருவார், இப்போது வாரம் தவறுவதில்லை என்று நர்சம்மா சொன்னார்.

எட்டாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்ட நான், இப்போது மாத்திரை அட்டையின் பொடி எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். டீக்கடையில் எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. டிவியில் மாத்திரை விளம்பரம் வந்தால் எழுந்து போய் அணைக்கிறேன். உங்கள் தங்கச்சி திட்டுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கவிதாவின் பையில் இரண்டு அட்டை கிடந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போகிறாளே, அந்தப் பை. எழுத்துக்கூட்டினேன். நம்பாமல் மறுபடியும் கூட்டினேன். அதே மருந்து.

"ஏங்கண்ணு, இது எதுக்கு?"

"ஒண்ணு இடுப்பு வலிக்கு, ஒண்ணு தலைவலிக்குங்கப்பா. அந்த நாள்லயும் நின்னுட்டேதான் இருக்கோணும். லீவு போட்டா வேற புள்ளையச் சேத்துக்குவாங்க."

திட்டத்தான் வாயெடுத்தேன். என் தட்டில் இருந்தது அவள் சம்பளத்துச் சோறு. என்ன சொல்லித் திட்டுவது? ரெண்டும் ஒண்ணுதான் சாமி என்று அட்டையைக் காட்டினேன். அவள் சுவரில் மாட்டியிருந்த உங்கள் போட்டோவைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை.

நாளைக்கு அவளை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அங்கிருந்து நேராகக் கம்பெனி வாசலுக்கு. வலிக்கிற நாளில் உட்கார்ந்து வேலை பார்க்க இந்தப் பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் கொடுங்கள் என்று கேட்பேன். எனக்கு வாய் குழறும், உங்களுக்குத் தெரியும். துரத்தினால் அடுத்த கம்பெனியில் போய்க் குழறுவேன். ஸ்டூல் கிடைக்கும்வரை விடமாட்டேன், மச்சான்.

உங்கள் தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை,
பழனிச்சாமி