தானம் என்று சொல்லப்பட்ட வெளிச்சம்

ஜூன் 9, திங்கள்

விடியுமுன்பே கரண்ட் வந்துவிட்டது. தண்ணீர் மோட்டாரைப் போட்டு, சோற்றுப் பானையைச் செருகி, எல்லாப் போன்களையும் சார்ஜில் வைத்து, திரும்பப் போவதற்குள் ஓடி முடித்தேன். யங்கோனில், எங்கள் தாமுவே பேட்டையில் எல்லார் வீட்டிலும் இந்த ஓட்டம்தான். அம்மா எழுந்து வந்து, இன்றைக்கு மழை இல்லை என்றாள். அதற்குள் தூறியது.

ஆபீசில் மேலாளர் டோ கின் மியோ புதுக் கோப்புகளை என் மேசையில் வைத்தார். தூரத்து ஊர்களில் சோலாரும் பேட்டரியும் வைக்கிற கம்பெனிகளுக்கு எங்கள் நிதியம் மானியத்தில் பாதியை முதலிலேயே கொடுத்துவிடும். ஆறு மாதம் பேட்டரி ஒழுங்காக வேலை செய்து, ஊரிலிருந்து புகாரும் வரவில்லை என்றால் மீதி. நேரில் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை.

ஒரு கோப்பில் ஊ ஜோ வின் என்று இருந்தது. போலீஸ் வாக்குமூலத்தில் பார்த்த அதே கையெழுத்து. பர்மியப் பெயரில் வடிவேல்.

என் தம்பியைக் கொன்றவன். இல்லை, சரியாக எழுதுகிறேன். மாவ்பி அரிசி ஆலையின் நனைந்த தகரக் கூரையில் சோலார் தகடு மாட்ட தாமஸை ஏற்றியவன். கயிறு கேட்டவனிடம் "நாளைக்கு ஆபீசர் வர்றார், ஏறு" என்றவன். விழுந்து செத்ததும், குடித்திருந்தான் என்று போலீசில் சொன்னவன். அடக்கத்துக்கு வந்து எங்கள் சர்ச் வாசலிலும் அதையே சொன்னவன், வருத்தமான முகத்தோடு. கூட வேலை பார்த்த நசீர் எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னான். சாட்சி சொல்ல வா என்றதும் மலேசியா போய்விட்டான்.

அந்த மழையோடு சேர்த்து இது மூன்றாவது மழைக்காலம். அம்மா அன்றிலிருந்து சர்ச்சுக்குப் போவதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இந்தக் கோப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ரிஹானாவிடம் மட்டும் சொன்னேன். பக்கத்து மேசைக்காரி, பதினைந்து வருஷப் பழக்கம். மீன்சாற்று மொஹிங்காவை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீயே போலீசு, நீயே ஜட்ஜு, தூக்குல போடுறதும் நீயேவாடி?"

"ஆமா."

"மாட்டிக்கிட்டா வேலை போயிரும்."

போகட்டும் என்றேன். அவள் என் கிண்ணத்தில் எலுமிச்சை பிழிந்துவிட்டு, "அப்பச் சாப்பிட்டுட்டுப் போ, பசியில தூக்குப் போடாதே" என்றாள். சிரித்துவிட்டேன். எனக்கே என் சிரிப்பு பிடிக்கவில்லை.

அவன் பேட்டரி பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒரு ஊர் இருட்டாக இருக்க வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்கிற பெண் நான்.

ஜூன் 19, வியாழன். தமீன்ஜோங்

அவன் கோப்பில் இருந்த ஊர். பியாபோனிலிருந்து படகு. ஓடைக்கு இருபுறமும் நிப்பா ஓலை வீடுகள், கருவாட்டு வாசனை, முட்டிவரை சேறு.

முதலில் கண்ணில் பட்டது பலகை. புத்த மடத்து மண்டபத்தில், தேக்கில், பொன் எழுத்தில்: இந்த வெளிச்சத்தைத் தானம் செய்தவர் யங்கோன் ஊ ஜோ வின் குடும்பத்தார். சற்று நேரம் எனக்குப் புரியவே இல்லை. தானமா? நாங்கள் கொடுத்த மானியம் அல்லவா இது?

அவன் ஆட்கள் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிக்குகளை அழைத்து, தண்ணீர் வார்த்து, புண்ணியத்தை எல்லா உயிருக்கும் பங்கிட்டு, ஊருக்கே சாப்பாடு போட்டு. வடிவேல் பட்டுத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கும் படமும் மாட்டியிருக்கிறது.

வீடு வீடாகக் கேட்டேன். பேட்டரி எப்படி? "கௌன்டே, கௌன்டே." நல்லா இருக்கு, நல்லா இருக்கு. ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. நாள் முழுக்க நல்ல வெயில் வேறு. மத்தியானத்துக்குள் மனம் விட்டுப்போயிற்று.

இருட்டியதும் மருத்துவச்சி டோ ஓன் சீ வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் பாதி இருக்கும்போதே பல்பு மஞ்சளானது. பிறகு சிவப்பு. பிறகு இல்லை. யாரும் திடுக்கிடவில்லை. டோ ஓன் சீயின் கை, பார்க்காமலே, தட்டுக்குப் பக்கத்தில் இருந்த மெழுகுவர்த்திக்குப் போனது. ஓடைக்கு அந்தப் பக்கமும் ஒவ்வொரு வீடாக மெழுகுவர்த்தி எரியத் தொடங்கிற்று.

தினமும் இப்படியா என்று கேட்டேன். முதல் மாதத்திலிருந்தே இப்படித்தானாம். பிரசவம் இருட்டில் வந்தால் போன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பார்க்கிறாராம். அப்படியென்றால் ஏன் நல்லா இருக்கு என்கிறீர்கள்?

அவர் என்னைச் சிறுபிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "குடுத்தவங்க மனசு நோகலாமா? தானமா வந்ததைப் புரட்டிப் பார்த்துக் குறை சொன்னா, அவங்க புண்ணியமும் கெடும், நம்ம புண்ணியமும் கெடும்."

புரிந்தது. இவர்கள் குறை சொல்லவே மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். புகார் வராவிட்டால் மீதி மானியம் வரும் என்றும் தெரியும். பலகையைச் சும்மா மாட்டவில்லை.

அந்த மெழுகுவர்த்தியோடு போய் பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். புது லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். அடியில் பழைய லேபிள். எங்கோ போன் டவரில் உழைத்துத் தீர்ந்து வயிறு ஊதிய பேட்டரிகள்.

சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படி எழுத? சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி. படகில்

காலையில் டோ ஓன் சீயிடம், தேறவில்லை என்று எழுதப் போகிறேன் என்றேன். அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டார். ஒப்பந்தம் ரத்தாகும், மீதி மானியம் வரும்வரை சாமான் கம்பெனியுடையதுதான், கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இனி எந்த ஊரிலும் அவனுக்கு மானியம் கிடைக்காது. கடைசி வரியைக் கொஞ்சம் ருசித்துத்தான் சொன்னேன்.

அவர் கையுறைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "சோறு ஆக்குற வரைக்குமாவது இப்ப எரியுது" என்றார். அவ்வளவுதான். கெஞ்சவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல். என் தம்பியை விட இவர்களுக்கு அந்த ஒரு மணி நேர பல்பு பெரிதா என்று. அவருக்கு தாமஸ் யார் என்றே தெரியாது! என்ன பெண் நான்?

படகுத்துறையில்தான் அது தோன்றியது. திரும்பி ஏறிப் போய் அவரிடம் சொன்னேன். இது தானம் இல்லை. இந்த மாதிரி ஊர்களுக்கென்றே ஒதுக்கின மானியம், உங்கள் பங்கு. அதை வாங்கித்தான் அவர் இதை வைத்தார், மீதியையும் வாங்கப் போகிறார். நான் தேறவில்லை என்று எழுதுவதற்குப் பதில் நீங்கள் புகார் எழுதினால், விதிப்படி ஒரு மாதத்துக்குள் நல்ல பேட்டரி வைத்தே ஆக வேண்டும். வைத்தால்தான் மீதி. ஒன்றும் கழற்றமாட்டார்கள்.

கழுவின கையுறைகளைக் கொடியில் போட்டார். பிறகு, "நாங்க அவருக்காகத் தண்ணி வார்த்தோமே" என்றார். அதன்பின், "இது அவருக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அவர் முகம் மாறியதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். ஊருக்காகச் சொன்னேனா, எனக்காகவா? எனக்காக. இதிலாவது பொய் எழுத வேண்டாம்.

ஜூன் 25, புதன்

புகார் வந்துவிட்டது. ஊர் முழுக்கக் கைநாட்டு. இத்தனை வருஷத்தில் ஒரு ஊர் புகார் எழுதுவது இதுதான் முதல்முறை என்று டோ கின் மியோ ஆச்சரியப்பட்டார். இத்தனை வருஷம் ஒரு புகாரும் வராததில் அவர் ஏன் ஆச்சரியப்படவில்லை என்று நான் யோசித்தேன்.

ஜூலை 5, சனி

ரிஹானா மூச்சிரைக்கப் போன் பண்ணினாள். தமீன்ஜோங் மடத்திலிருந்து பலகையைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். துணி சுற்றி, படகிலும் பஸ்ஸிலும் ஏற்றி, ஊர்த் தலைவரே கொண்டுவந்து, வடிவேல் கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம் பார்த்துக் கல்லாவின் மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். ஒரு வார்த்தை திட்டவில்லையாம். தானப் பலகையைத் திருப்பிக் கொடுத்ததாக இந்த ஊரில் யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? "அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காதுடி" என்றாள் ரிஹானா.

இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஜூலை 12, சனி

வடிவேல் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். கையில் ஆப்பிள் பை. மழைச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கூப்பிடாமலே உட்கார்ந்தான். பேட்டரி எல்லாம் மாற்றிவிட்டானாம், அசல் புதுசாம். அது எனக்கு முன்னமே தெரியும். பத்து நாளாக டோ ஓன் சீ எரியும் பல்பைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

"தங்கச்சி, உன் கையெழுத்துதான் பாக்கி. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

தங்கச்சி!

அம்மா உள்ளறையில் இருந்தாள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. "தாமஸ் குடிச்சிருந்தானா? எங்கம்மா காதுல விழுற மாதிரிச் சொல்லுங்க. அப்புறம் கையெழுத்தப் பேசலாம்."

அவன் தரையைப் பார்த்தான். அம்மா கதவருகே வந்து நின்றாள். இந்த நிமிஷத்துக்காகத்தானே இரண்டு வருஷமாக உயிரோடு இருந்தேன்.

"இல்லம்மா" என்றான். "குடிக்கல. கயிறு கேட்டான். நான்தான் ஏறச் சொன்னேன்."

அம்மா அழவில்லை. "அதான் எனக்குத் தெரியுமே" என்றாள். "பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி என் பிள்ளை வாயில முத்தம் குடுத்தவ நான். ஒரு வாசனையும் இல்ல."

அம்மாவுக்குத் தெரியுமா? சர்ச்சுக்குப் போகாதது வெட்கத்தால் என்று நினைத்திருந்தேனே. வெட்கம் இல்லையாம். இவன் பேச்சை நம்பின முகங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லையாம்.

"இங்க சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள் அவனிடம். "அடுத்த ஞாயித்துக்கிழமை வா. ஆராதனை முடிஞ்சு எல்லாரும் டீ குடிப்பாங்க. அன்னைக்குப் பொய் சொன்ன அதே வாசல்ல நின்னு சொல்லு."

அவன் போனதும் என்னிடம் திரும்பினாள். "கையெழுத்துப் போட்டுட்டியா? போடாதே. அவன் சொன்னப்புறம் போடு."

என் குரல்தான் அது. இத்தனை நாள் என் தலைக்குள் கேட்ட அதே குரல், அம்மாவின் வாயில்.

ஆப்பிளைக் கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

தூக்கம் இல்லாத வாரம். கையெழுத்துக்காகச் சொல்கிற உண்மை தாமஸுக்கு வேண்டாம் என்று பட்டது. விலைக்கு வாங்கினது ஆகிவிடும். அவனாக வந்து சொல்லட்டும், அல்லது வராமல் நாறட்டும்.

டோ கின் மியோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மாங்காய் ஊறுகாய் சாப்பிட்டார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றார். அவன் கோப்புகள் இனி ரிஹானாவுக்கு. பேட்டரி சரியாக இருப்பதால் கையெழுத்தை அவரே போட்டார். ஆனால் தானம் என்ற கதையை அவர் சும்மா விடவில்லை. மானியம் போன எல்லா ஊருக்கும் யாராவது போய், இது உங்கள் பங்கு, பழுதானால் புகார் எழுதுங்கள் என்று மடத்து மண்டபத்திலேயே சொல்ல வேண்டும் என்றார். யார் போவது என்று கேட்டார். கை தூக்கினேன்.

வடிவேலுக்குப் போன் செய்து, கையெழுத்து ஆகிவிட்டது, ஞாயிறு உன் இஷ்டம் என்றேன். முதல்முறையாக 'உன்' என்று.

அம்மா என்னோடு பேசவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா சாம்பல் நிறப் பட்டு லோன்ஜி கட்டினாள். சர்ச்சில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்தது. டீ வந்தது. அவன் வரவில்லை.

கேக் வந்தது. பெரிய பெட்டிகள், ரிப்பன் கட்டி, ஊ ஜோ வின் குடும்பத்தாரின் அன்பளிப்பு என்று அட்டையோடு. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி! போதகரின் மனைவி அதற்குள் வெட்டிப் பரிமாற ஆரம்பித்துவிட்டார். வாயில் வைத்துக்கொண்டே யாரிது, நல்ல மனுஷன் என்கிறார்கள்.

என்னிடம் நீட்டின தட்டை நான் வாங்கவில்லை. நான் கையெழுத்தை விட்டிருக்கக் கூடாதோ?

அம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஐந்தடிகூட இல்லாத உடம்பு. "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றாள். "சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. இந்தக் கேக்கை அனுப்பினவன்தான் என் தாமஸைக் கயிறு இல்லாம மழையில ஏத்திவிட்டவன். என் பிள்ளை குடிக்கல. போன வாரம் என் வீட்டுல உக்காந்து அவனே சொன்னான். நீங்க இதே வாசல்ல நின்னு அவன் பேச்சை நம்பினீங்க."

யாரும் மெல்லவில்லை. விழுங்கவும் இல்லை. பாக்கியசாமி மாமா வாயில் இருந்ததைக் கைக்குட்டையில் துப்பினார். போதகரின் மனைவி மிச்சப் பெட்டிகளின் மேல் துணியைப் போட்டு மூடினார். அம்மா உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கடைசிவரை குடித்தாள்.

டாக்ஸியில் என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இரண்டு ஊர்கள் முடிந்தன. இரண்டிலும் மண்டபத்தில் சொன்னேன். இரண்டாவது ஊரில் ஒரு கிழவர், இனி யார் எதைக் கொடுத்தாலும் முதலில் நீங்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்டார். என் போன் நம்பரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்து வடிவேலின் ஊர்கள், வரிசையாக ஐந்து. ரிஹானா இன்று சொன்னாள்: நான் போகும் தேதியை எப்படியோ விசாரித்துக்கொண்டு, அவன் ஆட்கள் முன்னாடியே போய்ப் பழைய பேட்டரிகளைக் கழற்றிப் புதுசு மாட்டுகிறார்களாம், பலகைகளையும் அவர்களே இறக்குகிறார்களாம். கடையை அடகு வைத்துவிட்டான் என்று பேச்சு.

கையும் களவுமாகப் பிடிக்கத் தேதிகளை மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஐந்து தேதியும் மழைக்கு அப்புறம்தான், எனக்கு அவசரம் இல்லை. இந்த மழை முடியட்டும், பாதை காயட்டும், அவன் தன் காசில் ஒவ்வொரு ஊராக மாற்றிக்கொண்டே போகட்டும்.